செப்டம்பர் 15உம் கீழ்வீட்டுக் குளிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் மாதம் பாதியைத் தாண்டிவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம், அது கோயில் அன்னதான மண்டபமாக இருந்தாலென்ன, பிறந்தநாள் விழாவாக இருந்தாலென்ன, ஒரு கேள்வி தவறாமல் எழும்: "நீங்கள் ஹீற்றிங் போட்டிட்டியளோ?" "நாங்கள் இன்னும் போடேல்லை" என்று பதில் சொல்பவரின் குரலில் சற்றுப் பெருமையும் கலந்திருக்கும். ஒக்ரோபர் இரண்டாவது திங்கட்கிழமையில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறை வரை, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸைத் தொடாமல் இருப்பதை நானும் பல ஆண்டுகளாகச் சிக்கனம் என்றே எண்ணி வந்தேன். தன் வீட்டில் தன் குடும்பத்தோடு மட்டும் இருப்பவர், சுவெற்றரைப் போட்டுக்கொண்டு நத்தார் வரை காத்திருந்தாலும் அது அவர் விருப்பம். ஆனால் நிலத்துக்குக் கீழே உள்ள கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது என்பதையும், எங்களில் பலர் இதை அறியாமலோ, அறிந்தும் அறியாதவர் போலவோ இருந்துவிடுகிறோம் என்பதையும் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோ மாநகர விதித்தொகுப்பின் 497ஆம் அத்தியாயம் வெப்பமூட்டல் பற்றியது. வீட்டுக்காரர் வெப்பம் வழங்கும் வாடகைக் குடியிருப்பில், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 1 வரை, வெப்பநிலை 21 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது அது. இதைச் சிலர் செப்டம்பர் 15 அன்று பேர்னஸைப் போட்டே ஆகவேண்டும் என்று விளங்கிக்கொண்டு, வெளியே வெயில் எரிக்கும் நாளில் வீட்டை இன்னும் புழுங்க வைப்பதும் உண்டு. விதி கேட்பது அறையின் வெப்பநிலையை. அறை தானாகவே 24 பாகையில் இருந்தால் எதையும் போடத் தேவையில்லை; 19க்கு இறங்கினால், அது செப்டம்பர் 16ஆம் திகதி ஆனாலும், போட்டுத்தான் ஆகவேண்டும். இரவில் எல்லோரும் போர்த்துக்கொண்டு படுப்பார்கள் தானே என்று 17க்குக் குறைத்து வைக்கும் வழக்கத்துக்கும் அங்கே இடமில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே இருப்பவர்கள் தத்தம் நகரசபையின் விதியைப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு விதி இல்லாத இடங்களில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒழுங்குவிதி பொருந்தும்: செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை, குறைந்தது 20 பாகை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு தண்ணீர்க் குழாய். சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒருநாள், கீழே குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து கல்லூரிப் படிப்புக்கு வந்த இரண்டு பிள்ளைகள் அங்கே குடியிருந்தார்கள். இருவரும் வின்ரர் ஜக்கெற்றைப் போட்டபடி கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் கம்பிச் சுருள் சிவக்க ஒரு சின்ன மின் ஹீற்றர் எரிந்தது. அதன் வயரும் சோறு வடிக்கும் குக்கரின் வயரும் ஒரே நீட்சி வயரில் செருகப்பட்டிருந்தன. குளிர்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க போடும்போது போடுவீங்கன்னு நெனச்சோம், அங்கிள்" என்றான் ஒருவன். மேலே என் வீட்டில் எவருக்கும் குளிரவில்லை. சாப்பாட்டறைச் சுவரில் இருந்த, சூட்டை அளந்து பேர்னஸை இயக்கும் தேர்மோஸ்ரற் 22 காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் டொலர் கடையில் ஒரு வெப்பமானி வாங்கி, கீழே அவர்களின் புத்தகத் தட்டில் வைத்தேன். காலை ஏழு மணிக்கு அது காட்டியது பதினேழரை.

ஒரே கூரைக்குக் கீழே நாலரைப் பாகை வித்தியாசம் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் இலையுதிர் காலத்தின் சூட்சுமம் புரிந்தது. கீழ்த்தளத்தின் கொங்கிறீற் தரையும் சுவரும் மண்ணோடு ஒட்டியிருப்பதால் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே தெற்கு யன்னலால் வரும் வெயிலும், எங்கள் சமையலின் சூடும், ஆட்களின் நடமாட்டமும் சேர்ந்து தேர்மோஸ்ரற்றை ஏமாற்றிவிடும். வீடு முழுவதற்கும் அந்த ஒரு கருவியே கண் என்பதால், அது 'குளிரவில்லை' என்று முடிவு செய்துவிட்டால் பேர்னஸ் எழும்பாது. ஜனவரியில் பேர்னஸ் ஓயாமல் ஓடுவதால் கீழேயும் ஓரளவு சூடு போய்ச் சேரும். மேலே சுகமாகவும் கீழே நடுக்கமாகவும் இருப்பது செப்டம்பர், ஒக்ரோபர் மாதங்களில்தான். ஆகவே மேல்வீட்டில் நின்றுகொண்டு "இன்னும் குளிர் வரவில்லை" என்று சொல்ல எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. கீழே ஒரு வெப்பமானி இருக்கவேண்டும். அதையும் யன்னலோரத்திலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ வைத்துப் பயனில்லை. வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளக்கவேண்டும் என்பது மாகாண ஒழுங்குவிதியிலேயே உள்ளது.

காசு மிச்சம் என்ற வாதத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 12 பாகை இருக்கும் செப்டம்பர் நாளில், உள்ளே 21ஐத் தக்கவைக்க அந்த வித்தியாசம் ஒன்பது பாகை. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை இருக்கும் ஜனவரி நாளில் அது முப்பத்தொன்று. காஸ் பில்லின் பெரும்பகுதி மார்கழி, தை மாதங்களை ஒட்டி வருகிறதேயன்றி, தாங்ஸ்கிவிங்குக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் அன்று. அதே வாரங்களில் கீழே 1500 வாற் மின் ஹீற்றர் ஒன்று இரவில் எட்டு மணிநேரம் எரிந்தால் 12 அலகு மின்சாரம் போகும். அதே அளவு வெப்பத்தைக் காஸில் பெறுவதைவிட இங்கே பொதுவாக அதற்குச் செலவு கூட. வாடகைக்குள் மின்சாரமும் அடங்கும் என்று விளம்பரம் செய்து ஆளைக் குடிவைத்திருந்தால், அந்தப் பில் யாருக்கு வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு வந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு பிற்பகல், யன்னல்களைத் திறந்துவிட்டு, புதிய பில்ரரைப் போட்டு, பேர்னஸை அரைமணி நேரம் ஓடவிடுவேன். கோடை முழுவதும் படிந்த தூசி கருகும் மணம் அன்றோடு போய்விடும். ஏதாவது பழுது என்றால், முதற் குளிர் வாரத்தில் எல்லோரும் திருத்துநரைத் தேடி ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மேலும் கீழும் உள்ள காபனோரொட்சைட்டு அலாரங்களின் பொத்தானையும் அன்றே அழுத்திப் பார்ப்பேன். நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு என்பதால் அதைக் கண்டுபிடிக்க அந்தக் கருவியை விட்டால் வழியில்லை. மேல்தளத்துச் சூட்டுக் காற்றுத் துவாரங்கள் சிலவற்றைப் பாதி மூடி, கீழே உள்ளவற்றை முழுதாகத் திறந்து, பேர்னஸின் விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டதில் எங்கள் வீட்டில் அந்த நாலரைப் பாகை ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. (ஒரு துவாரத்துக்கு முன்னால் பெரிய அரிசி மூட்டை ஒன்று இருந்தது. அதை வைத்தவன் நானே.)

கீழே குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால், வெப்பமானியைப் படம் எடுத்து, திகதியோடும் நேரத்தோடும் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் அதுவே போதும். அதற்கும் அசையாதவர் என்றால் ரொறன்ரோவில் 311 என்ற மாநகரசபைத் தொலைபேசி எண்ணை அழைத்து முறையிடலாம். அந்தப் படங்கள் அப்போதும் உதவும். வாடகை பிந்தியிருந்தாலும்கூட வெப்பத்தை நிறுத்திவைக்க வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வார இதழில், மேலே சொன்ன திகதிகளையும் பாகைக் கணக்கையும் 311 என்ற எண்ணையும் சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுவீர்களாயின் பேருதவியாக இருக்கும். 'நிலக்கீழ் வீடு வாடகைக்கு உண்டு' என்ற விளம்பரங்கள் வரும் பக்கத்திலேயே அதைப் போட்டால், வீடு விடுபவர் கண்ணிலும் தேடுபவர் கண்ணிலும் ஒருசேரப் படும்.

இங்ஙனம்,
கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர் ஒருவர்,
ஸ்காபுறோ.