சீட்டுக்கு அடியில் தமிழில் ஒரு பராமரிப்பு அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்தாறு வருடம் ஓடியதும், ‘பிக்கப் இல்லை, மைலேஜ் இல்லை’ என்று 110 சிசி ஸ்கூட்டர்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இப்படிப் போகும் பல வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்காது. தேய்ந்திருப்பதெல்லாம் இடதுபக்கக் கவருக்குள் இருந்து எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டும் ரோலரும் கிளட்ச் ஷூவும்தான். பைக்கில் செயின் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஸ்கூட்டரில் கவரைக் கழற்றாமல் பெல்ட்டைப் பார்க்க முடியாது. இலவச சர்வீஸ் முடிந்த பிறகு ஆயில் மாற்றி, வாட்டர் சர்வீஸ் செய்வதோடு பராமரிப்பு நின்றுவிடுவதால் அந்தக் கவர் வருடக்கணக்கில் திறக்கப்படுவதே இல்லை.

பெல்ட் 20,000 முதல் 24,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய பொருள். தேயத் தேய அதன் அகலம் குறையும். அகலம் குறைந்த பெல்ட் முன் புல்லியின் (எஞ்சின் பக்கம் பெல்ட் சுற்றும் சக்கரத்தின்) வெளிவிளிம்பு வரை ஏறாது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் வண்டி பழைய வேகத்தைத் தொடாது. பெல்ட்டைக் கழற்றி உள்பக்கமாக மடக்கிப் பார்த்தால் பற்களுக்கு இடையே வெடிப்பு தெரியும். தெரிந்துவிட்டால் அதை மறுபடி மாட்டக் கூடாது. நடுவழியில் அறுந்தால் எஞ்சின் இரையும், சக்கரம் சுற்றாது. அறுந்த நார் கிளட்சிலும் கிக்கர் பல்லிலும் சுற்றிக்கொண்டு செலவைக் கூட்டும்.

பெல்ட் மாட்டும்போது நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின் புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் இறக்கி, முன்பக்கம் தொய்வாக விட்ட பிறகுதான் முன் நட்டை இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் புல்லித் தட்டுக்கும் நடு புஷ்ஷுக்கும் நடுவே பெல்ட் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகியது போலவே இருக்கும். எஞ்சின் ஓடியதும் பெல்ட் வெளியே நகரும், நட்டு தளரும், புல்லி மாட்டியிருக்கும் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனையில் உள்ள பற்கள் மழுங்கிப்போகும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, கிராங்க் மாற்றும் வேலையாக மாறிவிடும்.

முன் புல்லிக்குள் உருளும் சிறு எடைகளான ரோலர்கள் ஒருபக்கம் தட்டையாகிவிட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகும். ஆறு ரோலரையும் சேர்த்தே, அதே கிராம் எடையில் மாற்ற வேண்டும். கிளம்பும்போது மட்டும் அதிர்வு இருந்தால் கிளட்ச் ஷூவைப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதிர்வு கொஞ்ச நாள் அடங்கும். ஷூ மெலிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கியர் இல்லாத வண்டியில் கியர் ஆயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பின்சக்கரத்தை ஒட்டிய பல்சக்கரப் பெட்டிக்கு 100 முதல் 120 மில்லி ஆயில் தனியாக உண்டு. எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை மாற்றாமல் விட்டால் முதலில் பின்னால் ஒரு ஊளைச் சத்தம் வரும், பிறகு பேரிங் போகும். ஆயில் சீல் விட்டுப்போனால் அந்த ஆயில் பின் டிரம்முக்குள் இறங்கி பிரேக் லைனரை நனைத்துவிடும். நனைந்த லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பிரேக் பிடிக்காது. சீலையும் லைனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்குகிறோம். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் ஊறாது. அதனால் அதற்குரியது உராய்வு குறைந்த, டப்பாவில் ‘எம்.பி.’ என்று குறியிட்ட ஆயில். பைக்குக்கு ‘எம்.ஏ.’ வகை. பைக் ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஸ்கூட்டர் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அது இன்னும் மோசம்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது அடுத்த தவறு. பல ஸ்கூட்டர்களில் இருப்பது எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டர். காற்றடித்தால் பசை போய்விடும், தூசி நேராக எஞ்சினுக்குள் இறங்கும். அதை மாற்றத்தான் வேண்டும். டேப்பட் (எஞ்சின் வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) சத்தம் கேட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் அளவுக்கு மீறி இறுக்கி, சத்தமே இல்லாமல் செய்த டேப்பட்தான் வால்வைக் கருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து இடைவெளியை அளந்து பார்ப்பதே சரியான முறை.

வடகிழக்குப் பருவமழையில் எஞ்சின் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டியை செல்ஃபோ கிக்கரோ போட்டுப் பார்க்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் வடிக்க வேண்டும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் கவரையும் திறந்து துடைத்துக் காயவிட வேண்டும்.

நீண்ட நாள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்.சி.க்கு (வண்டியின் பதிவுச் சான்றுக்கு) 15 வருடம்தான் ஆயுள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். புதுப்பித்தால் ஐந்து வருடம் கிடைக்கும். அப்போது சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் பிரதி எடுக்கச் சொல்வார்கள். எண் பொறித்த இடம் துருப்பிடித்து எழுத்து மறைந்திருந்தால் நல்ல வண்டிக்கும் அலைச்சல்தான். வருடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும்.

இதெல்லாம் வண்டியோடு தரும் ஆங்கிலக் கையேட்டில் இருக்கிறது. கையேடோ பீரோவில் இருக்கிறது. டயருக்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டித் தருகிற நிறுவனங்கள், பெல்ட், ரோலர், கியர் ஆயில், ஏர் ஃபில்டர் நான்கையும் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டு சீட்டுக்கு அடியில் ஒட்டித் தர வேண்டும். சர்வீஸ் பில்லில் ‘பொதுப் பராமரிப்பு’ என்று ஒரே வரி எழுதாமல், இந்த நான்கில் எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், அப்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். போக்குவரத்துத் துறை இதை விற்பனையாளர்களிடம் வலியுறுத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி