டெட்ராய்ட் நண்பனுக்கு, விஸார்ட்ஸ் பற்றி

ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா
ஆகஸ்ட் 2025

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர் கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடமாடுகிறார் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற வீட்டுச் செய்திகளை மாலதி தனியாக எழுதுகிறாளாம். ஆகவே கடைசிப் பத்தியில் நீ குத்தலாகக் கேட்டிருந்த கேள்விக்கு நேராக வந்துவிடுகிறேன்.

உங்கள் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் 2023-24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 82 ஆட்டங்களில் 14-ஐ மட்டுமே வென்றதையும், மறு ஆண்டே 44 வெற்றிகளோடு சீசனின் இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபுக்குள் நுழைந்து நியூயார்க் நிக்ஸை ஆறாவது ஆட்டம் வரை இழுத்ததையும் சொல்லிவிட்டு, "உங்கள் வாஷிங்டன் விஸார்ட்ஸுக்கு எப்போது விடியும்?" என்று கேட்டிருக்கிறாய். இந்த ஆண்டு விடியாது. அடுத்த ஆண்டும் உறுதியில்லை. ஆனாலும் பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அணி போகும் திசையின் மீது எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. 2023-24-இல் 15, சென்ற சீசனில் 18 என்று வென்ற அணியைப் பற்றி இப்படி எழுதுவது உனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

என் நம்பிக்கைக்குக் காரணம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் அணி கோப்பையை வென்றது 1978-இல், வெஸ் அன்ஸெல்டும் எல்வின் ஹேய்ஸும் ஆடிய நாட்களில். ஒரு சீசனில் ஐம்பது வெற்றிகளைக் கடைசியாகத் தொட்டது அதற்கு அடுத்த சீசனில். 2017-இல் ஜான் வால் தலைமையில் 49 வென்று, கிழக்குப் பிரிவின் அரையிறுதியில் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்றோம். அதன்பின் வாலின் உடல் ஒத்துழைக்கவில்லை, அவருக்கு எழுதிக் கொடுத்த பெரும் ஒப்பந்தம் அணியின் கழுத்தைப் பிடித்தது. அந்த இடத்திலேயே பழையதைக் கலைத்திருக்க வேண்டும். நிர்வாகமோ பிராட்லி பீலை வைத்துக்கொண்டு ஒப்பேற்றப் பார்த்தது. 2022-இல் அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததோடு, அவர் சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேர்த்தது. பலன் என்ன? 2021-22-இல் 35 வெற்றி, 2022-23-இலும் அதே 35. பிளேஆஃபுக்குப் போகும் அளவுக்கு நல்ல அணியாகவும் இல்லை, புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வரிசையில் நிற்கும் அளவுக்கு மோசமான அணியாகவும் இல்லை. 2019-இல் ஒன்பதாவது, 2020-இல் மறுபடி ஒன்பதாவது, 2021-இல் பதினைந்தாவது, 2022-இல் பத்தாவது என்று எங்களுக்குக் கிடைத்த தேர்வுகளை வரிசையாகப் பார்த்தாலே அந்த இரண்டுங்கெட்டான் நிலை தெரிந்துவிடும். பதினெட்டு வெற்றி பெற்ற சென்ற சீசனைவிட, எதற்காக ஆடுகிறோம் என்றே தெரியாத அந்த முப்பத்தைந்து வெற்றிகள்தான் எனக்கு அலுப்பூட்டின.

2023 கோடையில் மைக்கேல் விங்கரும் வில் டாக்கின்ஸும் அணியின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்கள். வந்த சில வாரங்களுக்குள் பீலை ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். அந்த நிபந்தனையின் காரணமாக எங்கே போவதென்பது பீலின் கையில் இருந்ததால், பதிலுக்குக் கிடைத்தது சொற்பம். ஆனாலும் அந்தச் சுமையை இறக்கி வைத்ததே பெரிய காரியம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவர்கள் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று எண்ணிவிடாதே. 2024 ஜூனில் டெனி அவ்தியாவைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 23; சம்பளம் மிதமானது, ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகள் பாக்கி, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும் தொகை; ஆட்டமோ ஒவ்வொரு சீசனும் ஏறிக்கொண்டிருந்தது. இளம் வீரர்களைச் சேர்த்து அணியைக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கையிலேயே வளர்ந்துகொண்டிருந்த இளம் வீரரையே விற்றால் என்ன நியாயம்? அந்தப் பரிமாற்றத்தில் வந்த பதினான்காவது தேர்வில்தான் பப் கேரிங்டன் கிடைத்தார் என்று பதில் சொல்வார்கள். கேரிங்டனை எனக்குப் பிடிக்கும். இருந்தாலும், இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அவ்தியாவைத்தான் சொல்வேன்.

இனி, பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் யாருக்கு டிராஃப்டின் முன்வரிசைத் தேர்வுகள் என்று தீர்மானிக்கும் குலுக்கலுக்கு வருகிறேன். உன் கடிதத்தில், போதுமான அளவு தோற்றால் ஒரு கேட் கன்னிங்ஹாம் தானாக வந்து சேர்வார் என்ற தொனி இருந்தது. 2021-இல் முதல் தேர்வாக அவர் உங்களுக்குக் கிடைத்தது உண்மை. அதன்பிறகு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐந்தாவது தேர்வுதானே கிடைத்தது? அந்த மூன்றில் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் லீகிலேயே மிகக் குறைவாக வென்ற அணி உங்களுடையது என்பதையும் மறந்துவிடாதே. 2019-இல் விதிகளை மாற்றியதிலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். இந்த மே மாதம் எங்களுக்கு நேர்ந்ததைப் பார். கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தோம். அந்த இடத்திலிருந்து எவ்வளவு கீழே சறுக்க முடியுமோ அவ்வளவும் சறுக்கி ஆறாவது தேர்வுக்குப் போனோம். வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ், முதல் தேர்வாக எல்லோரும் எதிர்பார்த்த கூப்பர் ஃபிளாக்கைத் தட்டிக்கொண்டு போனது.

இதில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. ஏப்ரலில் சீசனின் கடைசி நாள், மயாமியில் நடந்த ஆட்டத்தில், கேரிங்டன் கடைசிக் கணத்தில் எறிந்த பந்து கூடையில் விழுந்து ஒரே புள்ளியில் ஜெயித்தோம். அதில் தோற்றிருந்தால் யூட்டாவோடு 17 வெற்றியில் சமமாக நின்றிருப்போம். கடைசி இடம் எங்களுக்கே வந்திருக்கவும் கூடும், அப்போது ஐந்துக்குக் கீழே போயிருக்க முடியாது. அந்த எறிதலால் ஒரு படி போயிற்று என்று இங்கே சில நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 82 ஆட்டங்களிலும் ஒன்றுவிடாமல் களமிறங்கிய, பால்டிமோரில் பிறந்த அந்தப் பையன், தன் முதல் சீசனின் கடைசிப் பந்தை வேண்டுமென்றே தவறவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ரசிகனாக நான் இன்னும் ஆகவில்லை.

வீரர்களைப் பற்றித்தான் நீ அதிகம் கேட்டிருக்கிறாய். அலெக்ஸ் சார், 2024-இல் இரண்டாவது தேர்வு, பிரான்ஸ் நாட்டுக்காரர், ஏழடி உயரம். அந்தக் கோடைக்கால லீகில் ஓர் ஆட்டத்தில் பதினைந்து முறை எறிந்து ஒன்றுகூட விழாமல் ஊரே சிரித்தது உனக்கு நினைவிருக்கும். அந்தச் சீசன் முடிவில் அவர் லீகின் சிறந்த அறிமுக வீரர்கள் ஐவரைக் கொண்ட கௌரவப் பட்டியலில் இடம்பிடித்தார். தற்காப்பில் அவர் கால்கள் நகரும் வேகம் அந்த உயரத்துக்கு அபூர்வமானது. உயரமான வீரர் மூன்று புள்ளி வளைவுக் கோட்டருகே வந்து சிறிய வீரரைத் தடுக்க வேண்டிய இன்றைய ஆட்டத்தில் அதற்கு மதிப்பு மிக அதிகம். ஆனால் கூடைக்கு அருகில் உடலைக் கொடுத்து முட்டிப் புள்ளி எடுக்க அவர் தயங்குகிறார்; தூரத்திலிருந்து எறிந்துவிட்டுப் பின்வாங்குவது அவருக்குச் சௌகரியமாக இருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக விழும் எறிதல் கணக்கு ஏழடிக்காரருக்கு அழகல்ல. இந்த ஒரு பழக்கம் மாறுகிறதா என்பதைத்தான் வரும் சீசனில் முதலில் பார்ப்பேன்.

பிலால் கூலிபாலி எதிரணியின் சிறந்த வீரரைக் கட்டிப்போடக் கூடியவர். இரண்டு சீசன்களின் இறுதிப் பகுதியையும் காயத்தால் இழந்தார் என்பதால் அவரைப் பற்றி அறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. யாரும் அதிகம் பேசாத கிஷான் ஜார்ஜ்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர், 24-ஆவது தேர்வு. பந்து கைக்கு வருமுன்பே அடுத்து எங்கே தர வேண்டும் என்று தீர்மானித்து வைத்திருக்கும் ஆட்டம் அவருடையது. குலுக்கலை நம்பாமல் இருபதுகளில் இப்படி ஒருவரைக் கண்டெடுக்கும் கண் நிர்வாகத்துக்கு இருக்கிறது என்பதுதான் என் நம்பிக்கையின் பெரும்பகுதி. இந்த ஆண்டின் ஆறாவது தேர்வு ட்ரே ஜான்சன். டெக்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஆண்டில் வந்துவிட்டவர், எறிதல் அவருக்கு இயல்பாக வருகிறது. 21-ஆவதாக எடுத்த வில் ரைலி ஒல்லியான பையன்; தேறக் காலம் பிடிக்கும்.

குறை எங்கே என்றால், ஆட்டம் தடுமாறும் நேரத்தில் பந்தை நம்பிக் கொடுக்க ஒருவர் இல்லை. கன்னிங்ஹாம் சென்ற சீசனில் ஆட்டத்துக்கு 26 புள்ளிகளும் 9 அசிஸ்ட்டுகளும் (சகவீரர் கூடை போட வழிசெய்யும் பந்துக் கைமாற்றங்கள்) சராசரியாகத் தந்தார். உங்கள் அணியில் மற்ற எல்லோருடைய ஆட்டமும் அதைச் சுற்றித்தான் ஒழுங்குக்கு வந்தது. எங்களிடம் தூண்களுக்கிடையே வைக்கும் செங்கற்கள் நிறைய இருக்கின்றன, தூணைத்தான் காணோம். ஜோர்டன் பூல் சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார் என்று நீ சொல்லலாம். அவரை ஜூலையில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் பந்து இருக்கும்போது மற்ற நால்வரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பதிலுக்கு வந்த சி.ஜே. மெக்கலமையும், பிப்ரவரியில் வந்த கிறிஸ் மிடில்டனையும் பலர் சம்பளக் கணக்கைச் சரிசெய்ய வந்தவர்களாக மட்டுமே பார்க்கிறார்கள். இருவருக்கும் ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது என்பது உண்மைதான். அதனால் கணிசமான தொகை விடுபடும். ஆனால் உங்கள் திருப்பத்தில் டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி போன்ற அனுபவசாலிகளுக்கு இருந்த பங்கை நீயே எழுதியிருந்தாய். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது எறியக் கூடாது என்பதையெல்லாம் பயிற்சியாளர் பிரையன் கீஃப் பலகையில் எழுதிக் காட்டலாம். பக்கத்தில் நின்று ஆடும் மூத்தவர் சொன்னால்தான் பத்தொன்பது வயதுக்காரர் காதில் ஏறும். பூலைக் கொடுத்த அதே பரிமாற்றத்தில் கெல்லி ஒலினிக்கும் வந்தார் தெரியுமா? 2017-இல் அந்த ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்காக 26 புள்ளிகள் எடுத்து எங்கள் கதையை முடித்த அதே ஒலினிக்! சில நாட்களுக்குள் அவரைச் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் சீருடையில் அவரைப் பார்க்க நேராதது எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

இந்தச் சீசனில் வெற்றிகள் கூடும் என்று எதிர்பார்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. 2020-இல் வாலைக் கொடுத்து ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியபோது கூடவே கொடுத்த முதல் சுற்றுத் தேர்வு, கைமாறிக் கைமாறி இப்போது நிக்ஸிடம் இருக்கிறது. 2026-இல் எங்கள் தேர்வு முதல் எட்டுக்குள் விழுந்தால் அது எங்களுக்கே; ஒன்பதாவதாகவோ அதற்குப் பின்னாலோ போனால் நிக்ஸுக்கு. எந்தக் குலுக்கல் வந்தாலும் எட்டுக்குள் நிற்பது உறுதியாக வேண்டுமானால், கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக முடிக்க வேண்டும். எந்த நிர்வாகி இதைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பார்? ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்த அவசரத்துக்கு இன்றும் தோல்வியால் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இதை ஒருமுறை பொறுத்துக்கொள்வேன். ஆனால் 2026 கோடையில் தேர்வு உறுதியாகி, மெக்கலம், மிடில்டன் சம்பளங்களும் கழிந்த பிறகு, "இன்னும் ஓராண்டு பொறுங்கள்" என்று விங்கர் சொன்னால், அப்போது என் கடிதத்தின் தொனி வேறாக இருக்கும். தோற்றுப் பழகிய இளைஞர்களுக்கு ஜெயிக்கும் வழியும் மறந்துவிடும் என்பதை உங்கள் 28 ஆட்டங்களின்போது நீதான் எனக்கு எழுதினாய்.

என் கணிப்பு: இருபதை ஒட்டிய வெற்றிகள், அதிலும் பெரும்பாலானவை மார்ச்சுக்கு முன்பே. ஜார்ஜைப் பற்றி நான் எழுதியதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும். இரு அணிகளும் மோதும்போது பந்தின் பின்னால் போகாமல் அவரை மட்டும் ஆட்டத்தின் கால் பகுதி நேரம் முழுவதும் கவனித்துவிட்டு எழுது. ஜனவரியில் கால் முறிந்த ஜேடன் ஐவி, முன்போல வேகமாக ஓட முடிகிற நிலைக்கு வந்துவிட்டாரா என்பதையும் மறக்காமல் சொல். அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
சேகர்