மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். மருந்துக் கடையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் மட்டும் போய் உட்காருகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் மருந்துச் சீட்டில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கீழே 'டேப்பர் ஆஃப்' என்று இருக்கிறதே, குறைக்கச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்த வேண்டும். 'கட் டவுன்' என்று எழுதியிருந்தால் ஓர் அளவுக்குக் குறைத்துவிட்டு அதிலேயே இருந்துவிடலாம். 'ஸ்டாப்' என்றால் இன்றோடு சரி. அடைமழை தூறலாகி ஓய்வதற்கும், பந்தி முடிந்து கல்யாணக் கூட்டம் கரைவதற்கும் 'டேப்பர் ஆஃப்' என்றே சொல்வார்கள். நீ வங்கியில் இருந்தவன், 2013 ஞாபகம் இருக்கும். மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்க மத்திய வங்கி, அதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாகப் பேச்சு எழுந்ததுமே பேப்பரெல்லாம் 'டேப்பர்' என்றுதான் எழுதின. அந்தக் கலக்கமும் சேர்ந்து ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது.

மருந்தில் ஏன் இப்படி இறங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்ட மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. அதே மாதிரி வேலை செய்கிற ஸ்டீராய்டு மாத்திரை வாரக்கணக்கில் உள்ளே போனால், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மாத்திரையையும் நிறுத்தினால் உடம்புக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. சோர்வு, வாந்தி, தலைசுற்றல் வரும், ரத்த அழுத்தம் விழும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மெல்லக் குறைத்தால் சுரப்பி மறுபடி வேலைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும். அதனால்தான் அளவு குறையக் குறைய இன்னும் நிதானமாக இறங்கச் சொல்வார்கள்.

கடையில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பத்து மில்லிகிராம் அட்டை தீர்ந்ததும், "வலிதான் விட்டுடுச்சே, அஞ்சு எதுக்கு?" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலி விட்டது மருந்தால். சுரப்பி எழுந்துவிட்டதா என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது.

எந்தத் தேதியிலிருந்து எத்தனை மாத்திரை என்று டாக்டரிடம் தமிழில் எழுதி வாங்கி, காலண்டரில் குறித்து வை. குறைக்கும்போது வலி திரும்பினாலும் நீங்களாகவே கூட்டாதீர்கள், அவரைக் கேளுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தாலோ, பல் பிடுங்கப் போனாலோ, ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், சின்னவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமைந்ததும் எழுதுகிறேன். தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்