பிறந்த தீவில் வாழ விடுங்கள்: பிரித்தானிய வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இந்து சமுத்திரத்தில் பிரித்தானியா ஆண்டுவரும் சாகோஸ் தீவுகளை மொரீசியசிடம் கையளிப்பதாக 2024 ஒக்டோபர் 3 அன்று உங்கள் அரசு அறிவித்தது. 2025 மே 22 அன்று உடன்படிக்கையிலும் கையொப்பம் வைத்தாயிற்று. இடையில் மொரீசியசில் ஆட்சி மாறியது, சாகோசில் இராணுவத் தளம் வைத்திருக்கும் அமெரிக்காவிலும் மாறியது. புதிதாக வந்தவர்களின் சம்மதத்துக்காகப் பொறுமையோடு காத்திருந்தீர்கள். தீவில் பிறந்தவர்களின் சம்மதத்தை மட்டும் கேட்கவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தத் தளம் இருக்கும், சாகோசின் பெரிய தீவான டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களை அங்கே திரும்பிப் போய் வாழ விடுங்கள்.

இங்கிலாந்தின் குரோலி நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தத் தீவில் பிறந்தவர். 1971இல் தளத்துக்காகத் தீவை வெறுமையாக்கியபோது சிறுமி. ஒரேயொரு தடவை அனுமதி கிடைத்துப் போய்வந்தார். அம்மம்மாவின் கல்லறையை மூடியிருந்த பற்றையை வெட்டி, கல்லைக் கழுவித் துடைத்தாராம். குறித்த நாள் முடிந்ததும் திருப்பி ஏற்றிவிட்டார்கள். பிலிப்பைன்சிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்தவருக்கு ஏன் இடமில்லை?

நான் இலங்கையின் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். 1990இல் இடம்பெயர்ந்த பிறகு எங்கள் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மீன்பிடித் துறைமுகம் விடுபட 27 வருடம் சென்றது. சொந்த மண்ணை மிதிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

2021 ஒக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் படகு பழுதாகி அதே டியாகோ கார்சியாவில்தான் வந்திறங்கியது. பிள்ளைகுட்டிகளோடு மூன்று வருடம் எலி ஓடும் கூடாரங்களில் வைத்திருந்தீர்கள். அது சட்டவிரோதத் தடுப்பு என்று அத்தீவுப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வெளியே போகக் கெஞ்சியவர்களைப் போக விடவில்லை. திரும்பி வரக் கெஞ்சுபவர்களை வர விடவில்லை. ஒரு சிறு தீவை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்களை இப்படி அலைக்கழிப்பீர்கள்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

உடன்படிக்கையில் தளத்துக்கு 99 வருடம் உறுதி. சாகோசியருக்கு 4 கோடி பவுண் நிதியமும், மற்றத் தீவுகளில் மொரீசியஸ் அவர்களைக் குடியேற்றலாம் என்ற ஏற்பாடும். டியாகோ கார்சியா அதில் இல்லை. ஆனால் தளம் இருப்பது தீவின் மேற்குப் பக்கத்தில். கிழக்கு முனையில் பழைய தேவாலயமும் தென்னந்தோட்டமும் ஆளில்லாமல் கிடக்கின்றன. அங்கேயாவது அவர்கள் குடியேற இடம் கொடுக்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். 99 வருடம் காத்திருக்க அந்த அம்மாவால் முடியாது, ஐயா.

இப்படிக்கு,
குரோலியில் வாழும் மயிலிட்டியான் ஒருவன்