கீழக்காட்டில் 17 பேலட்டுகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். சித்தி மகன் விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை மதுரையில் விமானம் ஏறுகிறான். கருப்பட்டியோடும் மிளகாய் வற்றலோடும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும் மற்ற ஊர்ச் செய்திகளையும் அவனே சொல்வான். நான் எழுத உட்கார்ந்தது நம் கீழக்காட்டில் வந்து கிடக்கும், சரக்கை அடுக்கித் தூக்குகிற பலகைத் தட்டுகளான மரப் பேலட்டுகளைப் பற்றி. நம் குடும்பத்தில் இதற்கு விடை சொல்லத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

ஆவணி 12-ஆம் தேதி காலையில் ஆடு பத்திக்கொண்டு போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். நம் புஞ்சையில் 7, பக்கத்துப் புஞ்சையில் 6, வண்டிப்பாதை ஓரத்தில் 4, ஆக 17 பேலட்டுகள். அடுக்காகவும் இல்லை, குவியலாகவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே, யாரோ இடம் பார்த்துப் பரப்பி வைத்ததைப் போலக் கிடந்தன. முதல் நாள் மாலை நானே அந்த வழியாகத்தான் விறகு பொறுக்கி வந்தேன்; அப்போது ஒன்றுகூட இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற காலமாதலால் டயர் தடம் எதுவும் பதியவில்லை. ஒரு மழை பெய்திருந்தால் எந்த வண்டி எப்படி வந்தது என்று மண்ணே காட்டிக் கொடுத்திருக்கும்.

அன்று காலை டீக்கடையில் எழுந்த பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். மேலத்தெருப் பெரியப்பா எடுத்த எடுப்பிலேயே, இது ராக்கெட் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அங்கிருந்து ராக்கெட் கிளம்பும்போது கழன்று விழுகிற பாகங்கள் மண்ணில் மோதிச் சிதறாமல் இருக்க அரசாங்கம் முன்கூட்டியே மரத்தில் மெத்தை போட்டிருக்கிறது என்பது அவருடைய விளக்கம். அவர் சொன்ன உறுதியைப் பார்த்து மூன்று பேர் எழுந்து வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே கடலின் மேல் போக முடியும் என்பதற்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள், நம் ஊரோ அதற்கு வடக்கே இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். பெரியப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "போகும்போது தெற்கே போகும் டீச்சர், திரும்பி வரும்போது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் வேறு கணக்கு ஓடியது. பரண் மேல் ஆடு வளர்க்கிற திட்டம் வருகிறது, பரணை முதலில் இறக்கிவிட்டார்கள், ஆடுகள் பின்னால் வரும் என்று யாரோ சொல்ல, மறுநாளே நாலைந்து பேர் ரேஷன் கார்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஊகத்துக்கு ஆடுகளே சாட்சி சொல்லின. வெள்ளாட்டுக் குட்டிகள் பேலட்டின் மேல் ஏறி நின்றால் இறங்க மறுக்கின்றன. பலகை இடுக்கு வழியாகப் புழுக்கை கீழே விழுகிறது, கால் அழுக்காவதில்லை. ஆச்சி மட்டும் கண்ணில் கட்டோடு உட்கார்ந்தபடியே, ஏழடி நீளம், இரண்டு பேர் தூக்குவது, இது வேறென்ன என்று சொல்லிவிட்டு, யாரும் அந்தப் பக்கம் நடக்கக்கூடாது என்று கட்டளை போட்டார்கள்.

ஆண்களுக்கு உள்ளூர வேறொரு பயம் இருந்தது. சோலார் கம்பெனிக்காரர்கள் வாங்கப் போகிற நிலத்தை இப்படி அடையாளம் வைக்கிறார்கள் என்றும், 7 கிடப்பதால் நம் புஞ்சை முதலில் போகப் போகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். நீ அதை நம்ப வேண்டும். நிலத்தைக் குறித்து உன் மனதில் ஏதேனும் இருந்தால் அதையும் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அப்போதுதான் கடைக்காரர், "உங்கள் மகன் துபாயில் கப்பல் சரக்குக் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடுமே" என்றார். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மாலையில் தையல் மெஷினில் இருந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். நீளம் ஏழரை அடி. அகலம் மூன்றே முக்கால் அடி. மரம் வெளிறிய மஞ்சளாக, முகர்ந்தால் குங்கிலியம் போல மணக்கிறது. நம் பக்கத்து மரம் அல்ல. அடிப்பலகை ஒன்றில் கறையான் அதற்குள் மண்கோடு இழுத்திருந்தது. பக்கவாட்டுக் கட்டையில் கறுப்பு மையில் ஒரு முத்திரை: ஒரு கதிர், அதன் அருகில் சி.என். என்று இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் எண், அதற்குக் கீழே எச்.டி. அந்த முத்திரையைக் கண்டதும் நீ இரண்டு சித்திரைகளுக்கு முன் விடுப்பில் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து என் பழைய சிலேட்டில் வரைந்து காட்டியது அப்படியே நினைவுக்கு வந்தது. கதிர் இருந்தால் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதிப்படி பூச்சி நீக்கிய மரம், அருகில் உள்ள இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும், சி.என். என்றால் சீனம், எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி அரை மணி நேரம் நின்றிருக்க வேண்டும் என்று சொன்னாய். பொதிமரத்தில் ஒளிந்து சீனத்திலிருந்து போன நீண்ட கொம்பு வண்டை 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடித்ததையும், அதனால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்ததையும், 2002-இல் அந்த விதி வந்ததையும் கதைபோலச் சொன்னாய். ஐரோப்பாவில் ரயில்வேக்காரர்கள் 1961-இல் கூடி 1200-க்கு 800 மில்லிமீட்டர் என்று ஒரே அளவை முடிவு செய்தார்கள், அந்தப் பேலட் ஒவ்வொன்றிலும் 78 ஆணிகள் இருக்கும் என்றாய். நான் மொச்சை உரித்துக்கொண்டே, ஆணியை எண்ணுவதற்கா இன்ஜினியரிங் படித்தாய், சாப்பிட வா என்று சொல்லி எழுந்து போனேன். நீ சிலேட்டை அழித்துவிட்டு வந்து சாப்பிட்டாய். எண்ணிக்கை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை, தம்பி. கேட்காததுபோல் இருந்தேனே தவிர, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் அத்தை வீட்டில் வண்டிப்பாதைப் பேலட் ஒன்றைக் கோடாரியால் பிளந்து அடுப்புக்கு அடுக்கியிருந்தார்கள். எம்.பி. என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை போட்ட மரம், எரிக்கவே கூடாது என்று நீ சொன்னது நினைவுக்கு வர, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். விறகைக் கலைத்து முத்திரைத் துண்டைத் தேடி எடுத்து, அதில் எச்.டி. என்று இருப்பதைப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். மகன் சொன்னான் என்றேன். சொல்லும்போது மனம் நிறைந்திருந்தது.

பிறகு பஸ் ஏறிப் போய் சோலார் கம்பெனியின் வேலிக்கு வெளியே நின்று காவலரிடம் விசாரித்தேன். சோலார் தகடு ஒன்றின் நீளம் ஏழரை அடி என்றும், முப்பதுக்கு மேற்பட்ட தகடுகளை நிமிர்த்தி வரிசையாக நிறுத்திக் கட்டி ஒரு பேலட்டில் அனுப்புகிறார்கள் என்றும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி வருகிறது என்றும் சொன்னார். காலிப் பேலட்டுகளை ஓர் ஒப்பந்தக்காரர் ஏற்றிக்கொண்டு போகிறாராம்; எங்கே கொண்டு போகிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். பொது அளவுள்ள பேலட் கைமாறிக் கைமாறித் திரும்பி வரும், ஒரே ஒரு பொருளுக்கென்று அடித்த பேலட்டை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று நீ சொன்னாய் அல்லவா? விலைக்குப் போகாத மிச்சத்தை ராத்திரியில் எவரோ ஓடுகிற லாரியிலிருந்தே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் அப்படித் தள்ளினால் ஒன்றாவது குப்புற விழாதா? 17 பேலட்டுகளும் மேல்பக்கம் மேலாகவே கிடந்தன. இந்த இடத்தில்தான் என் அறிவு நின்றுவிடுகிறது. நீ நாள்தோறும் கையாளுகிறவன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாய்.

நீ சொன்ன அந்த 56 டிகிரி நினைவுக்கு வந்ததிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருக்கிறது. மரத்துக்கு அரை மணி நேரம். உனக்கு அங்கே ஒரு கோடை முழுவதும். மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்ற சட்டம் செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்றும், அதற்குப் பிறகும் வெயில் குறையாது என்றும் சித்தி மகன் சொன்னான். தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடி. வண்டியில் ஏறியதும் முதலில் பெல்ட்டைப் போடு. வண்டி சாய்ந்தால் குதிக்கக்கூடாது, பெல்ட்டோடு உள்ளேயே இருக்க வேண்டும் என்று நீயே எனக்குச் சொன்னாய். அவசரத்தில் நீயே மறந்துவிடாதே. தண்ணீர் குடி. பெல்ட்டைப் போடு.

மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி பணம் தவறாமல் வருகிறது. ஆச்சியின் கண் அந்தப் பணத்தில்தான் திறந்தது. ஊரில் எத்தனை பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள்? ஆனால் வைகாசிக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. "வேலை இருக்கிறது" என்று இரண்டு சொல் வருகிறது. மூன்று மாதங்களாக அந்த இரண்டு சொல்தான். பெற்றவளை இப்படிக் காக்க வைக்கலாமா என்று கோபமாகக்கூட எழுத நினைத்தேன். எழுத எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்தே நினைத்தேன்.

ஜாதகத்தோடு கொடுத்த குறிப்பில் "மேலாளர், சரக்குப் போக்குவரத்து நிறுவனம், துபாய்" என்று எழுதியது தரகர் அல்ல. உன்னிடம் தரகர் மேல் பழி போட்டேன். எழுதியது நான்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன் என்று நீ ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தும், அதை எழுதப் பேனா வரவில்லை. பெண்ணின் அண்ணன் துபாயில் நீ வேலை செய்யும் ஜெபல் அலிக்கே தேடி வந்து, மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, நீ வண்டியிலிருந்து இறங்கி அத்தனை பேருக்கும் நடுவில் அவர் முன்னால் நடந்து போனாயாமே. சித்தி மகன் போன வாரம்தான் சொன்னான். அந்த நடையை நடக்க வைத்தவள் நான். சம்பந்தம் போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நீ என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பாய் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

இது முதல் முறையும் அல்ல. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியதை நீ எட்டாம் வகுப்பில் கண்டுபிடித்து, அப்பா வியாபாரமா செய்கிறார்கள் என்று கேட்டாய். அன்றும் எழுத்தர் மேல்தான் பழி போட்டேன். துறைமுகத்தில் முதுகில் மூட்டை சுமந்து உங்கள் அப்பா கொண்டுவந்த கூலியில்தான் நான் ஆசிரியப் பயிற்சியை முடித்தேன். அந்தப் படிவத்தை அவர்களும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். உனக்கும் அவர்களைப் போலவே பேசாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. அவர்களிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமலே காலம் போய்விட்டது. உன்னிடம் கேட்கிறேன், தம்பி. அம்மா செய்தது தவறு. மன்னித்துவிடு.

நேற்று டீக்கடைக்குப் போனேன். பெரியப்பாவும் மற்றவர்களும் இருந்தார்கள். என் மகன் மேனேஜர் இல்லை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், நான்தான் மாற்றிச் சொல்லிவந்தேன் என்று சொன்னேன். யாரும் பேசவில்லை. பெரியப்பாதான், "அந்த இரும்புக் கரம் இந்தப் பேலட்டில் எந்தப் பக்கமாக நுழையும்?" என்று கேட்டார். எல்லோருமாகக் கீழக்காட்டுக்குப் போனோம். நான்கு பக்கமும் நுழைகிற பேலட் உண்டு, இரண்டு பக்கம் மட்டும் நுழைகிற பேலட்டும் உண்டு என்று நீ வரைந்து காட்டியதைச் சொல்லிவிட்டு, இது எந்த வகை என்று குனிந்து பார்த்தேன். நீளப்பக்கத்திலும் இடைவெளி இருக்கிறது, ஆனால் ஒடுக்கமாக இருக்கிறது. எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நம் புஞ்சையில் கிடக்கும் 7 பேலட்டுகளையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். புரட்டாசிப் பட்டத்துக்கு உளுந்து விதைக்க டிராக்டர் சொல்லியிருக்கிறேன். முதல் வாரத்தில் வந்துவிடும். அதற்குள் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். ஒன்றின் எடை எவ்வளவு இருக்கும், தூக்க இரண்டு பேர் போதுமா, எந்தப் பக்கம் பிடித்தால் ஆணி குத்தாது என்பதைப் போனில் சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி. ராத்திரி எத்தனை மணியானாலும் நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா