‘இணைய இணைப்பு இல்லை’ என்று சொல்லாதீர்கள்: மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மேசைக்கணினி மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸில் எந்தக் கணினியும் நேரடியாக இணையத்துக்குப் போகாது. எல்லாம் ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான், அதாவது எங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று போக்குவரத்தைக் கடத்தும் ஒரு கணினி வழியாக. பல பெரிய ஆபீஸ்களிலும் வங்கிகளிலும் இதுதான் ஏற்பாடு. அப்படிப்பட்ட இடங்களில் உங்கள் மென்பொருள் தடுக்கி விழும்போது அது என்ன சொல்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மாலை நாலரைக்குக் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். “தம்பி, நெட் வரலைன்னு காட்டுது, கொஞ்சம் மேல வாங்களேன்.” போய்ப் பார்த்தேன். கணக்கு மென்பொருளில் ‘இணைய இணைப்பு இல்லை. சரிபார்த்து மீண்டும் முயலவும்’ என்று ஒரு பெட்டி. அதே திரையில், பக்கத்து ஜன்னலில், ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் நன்றாகத் திறந்து கிடந்தது.

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்கள். ஃபயர்வாலை நிறுத்தச் சொன்னார்கள். அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். கடைசியில், “மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க சார்.” போன மாதமும் அப்படித்தான் அனுப்பினேன் என்று அக்கா மெதுவாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கம்பெனியின் மொத்தக் கணக்கும் இருக்கிற கணினி, ஃபயர்வால் இல்லாமல், யாரும் பார்க்காத ஒரு வழியில் வெளியே போயிருக்கிறது. அன்று ஹாட்ஸ்பாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா தளத்திலேயே ஒவ்வொரு தொகையாகக் கையால் அடித்து முடிக்க ஏழரை ஆகிவிட்டது.

மறுநாள் காலை உட்கார்ந்து தோண்டினேன். அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ‘இணைப்பைச் சோதி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பச்சை. ஆனால் ரிட்டர்னை அனுப்பினால் தோல்வி. காரணம், சோதனை அக்காவின் பெயரில் ஓடுகிறது. அனுப்பும் வேலையைப் பின்னணியில் தானாக ஓடும் ஒரு நிரல் (சர்வீஸ்) செய்கிறது, அது லோக்கல் சிஸ்டம் என்ற, விண்டோஸின் சொந்த யூசர் கணக்கில் ஓடுகிறது. விண்டோஸில் ஒரு யூசர் வைத்திருக்கும் ப்ராக்ஸி அமைப்பு அந்த சர்வீஸின் கண்ணில் படாது. இப்படிப்பட்ட சர்வீஸ்கள் பொதுவாகப் பார்ப்பது வின்ஹெச்டிடிபி என்ற தனி அமைப்பை. ‘நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ என்று கட்டளை அடித்தேன். ப்ராக்ஸி இல்லை, நேரடி வழி என்று பதில் வந்தது. ஆக, அந்த சர்வீஸ் ப்ராக்ஸியிடம் போகவே இல்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

அங்கே ப்ராக்ஸி முகவரியைப் போட்டேன். மறுபடி அதே பெட்டி, அதே வாக்கியம். ஆனால் இந்த முறை எங்கள் ப்ராக்ஸியான ஸ்க்விட் சர்வரின் லாகில் (பதிவேட்டில்) தடம் இருந்தது. வரிசையாக 407, 407, 407. யூசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. 407 என்றால், வாசலில் நிற்பவர் ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறார், அவ்வளவுதான். பிரவுசருக்கும் முதலில் 407-தான் வரும். அது உடனே கெர்பரோஸ் டிக்கெட்டை, அதாவது விண்டோஸ் லாகின் தந்த அடையாளச் சீட்டை, நீட்டும். அடுத்த வரியில் பெயரோடு 200, அதாவது ‘சரி, போகலாம்’ என்று விழும். இந்த மென்பொருளோ கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பிப் போய், வாசலே இல்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறது.

நெட்வொர்க் குழுவிடம் பேசி அந்த ஒரு முகவரிக்கு மட்டும் லாகின் கேட்காமல் விடச் சொன்னேன். மூன்றாவது முறையும் அதே வாக்கியம். இப்போது கோளாறு சர்டிபிகேட்டில், அதாவது ஒரு தளம் தன்னை உண்மையானது என்று காட்டும் சான்றிதழில். எங்கள் ப்ராக்ஸி ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து, கம்பெனியின் சொந்த சர்டிபிகேட்டைப் போட்டு மூடி அனுப்புகிறது. அதை நம்பலாம் என்று சொல்லும் ரூட் சர்டிபிகேட் எல்லாக் கணினியின் விண்டோஸிலும் இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதைப் பார்ப்பதில்லை. தன்னோடு கொண்டுவந்த பட்டியலை மட்டும் நம்புகிறது. ஜாவாவில் எழுதிய பலவற்றிலும், பைத்தானில் எழுதிய பலவற்றிலும் இதே கதைதான். அந்த முகவரியைப் பிரித்துப் பார்க்காமல் விட ஒப்புதல் வாங்க மேலும் மூன்று நாள் ஆனது.

மூன்று வெவ்வேறு கோளாறு. மூன்றுக்கும் ஒரே வாக்கியம், அதுவும் உண்மை இல்லாத வாக்கியம். என் வருத்தம் இதுதான். உங்கள் நிரலுக்கு உள்ளே சரியான விவரம் இருந்தது. முதல் முறை பதில் வராமலே காத்திருக்கும் நேரம் கடந்து போனது அதற்குத் தெரியும். இரண்டாவது முறை 407 என்ற எண் அதன் கைக்கே வந்தது. மூன்றாவது முறை எந்தச் சர்டிபிகேட்டை நம்ப மறுத்தது என்பதும் தெரியும். அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பயனருக்குப் புரியாது என்று நீங்களே முடிவுகட்டி, ஒரு பொய்யைத் திரையில் வைத்தீர்கள். இணைய முகவரிகளைக் கட்டளை வரியிலிருந்து கூப்பிடும் ‘கர்ல்’ கருவியை ‘-வி’ சேர்த்து ஓட்டினால் எந்த ப்ராக்ஸிக்குப் போனது, என்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்று வரி வரியாகச் சொல்கிறது. அந்த நேர்மையில் பாதி போதும்.

பாஸ்வேர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ராக்ஸி யூசர் பெயர், பாஸ்வேர்ட் என்று இரண்டு கட்டங்கள் வைத்து அதைச் சேமித்துக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன. எங்கள் ஆபீஸில் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாறும். கொள்முதல் பிரிவில் ஒருவரின் கணக்கு தினமும் காலை ஒன்பதரைக்குப் பூட்டிக்கொண்டது. இரண்டு வாரம் யாருக்கும் காரணம் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு வரைபட மென்பொருளின் அப்டேட் பகுதி, கணினி திறந்ததும் பழைய பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. பாவம், அந்த மனிதர் தன் கணக்கில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பயந்துபோயிருந்தார். விண்டோஸில் ஏற்கெனவே லாகின் செய்தவரிடம் இன்னொரு முறை பாஸ்வேர்ட் கேட்காதீர்கள். இயங்குதளம் தருகிற வழியிலேயே அடையாளம் காட்டுங்கள்.

ப்ராக்ஸி முகவரியையும் இயங்குதளத்திடமே கேளுங்கள். எந்த முகவரிக்கு எந்த ப்ராக்ஸி என்று சொல்லும் பேக் கோப்பு 1996-இல் நெட்ஸ்கேப் காலத்தில் வந்தது. இன்றும் அதைப் படிக்கத் தெரியாத புது மென்பொருள்கள் வருகின்றன. வேலையைத் தொடங்குமுன் டிஎன்எஸ்ஸிலோ (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக்குவது) பிங்கிலோ (ஒரு கணினி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) இணையம் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் பல இடங்களில் இரண்டுமே வெளியே போகாது, ஆனாலும் வேலை நடக்கும். சோதனைப் பொத்தான் வைத்தால், உண்மையான வேலை எந்தக் கணக்கில், எந்த வழியில் நடக்கிறதோ அதே வழியில் சோதிக்கட்டும். சர்டிபிகேட் சரிபார்ப்பை அணைக்கச் சொல்லி உங்கள் உதவிக் குழு யாருக்கும் வழிகாட்ட வேண்டாம்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. எந்த முகவரிக்கு என்ன விதி என்று நாங்கள் எழுதி வைப்பதில்லை. நீங்கள் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் வராது. அதைச் சரிசெய்யும் வேலையை எங்கள் குழுவில் இப்போது ஆரம்பித்திருக்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் எதையும் அல்ல. அந்தப் பெட்டியின் அடியில் ‘விவரம்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். போக முயன்ற முகவரி, போர்ட் எண், நடுவில் இருந்த ப்ராக்ஸி, வந்த பதில், அதைச் செய்தது எந்தக் கணக்கு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. “தம்பி, ப்ராக்ஸி 407-ன்னு போட்டிருக்கு” என்று அக்கா போனில் படித்துச் சொன்னால், மாடி ஏறுவதற்கு முன்பே எந்த லாகைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
கணினி உதவிப் பிரிவு ஊழியர் ஒருவர்
அம்பத்தூர்