மூன்றாவது டிஸ்க் உன்னிடம் இருக்கிறதா?

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மணி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்ததைக்கூட நான் சொல்லவில்லை. கோபமாக இருப்பாய். கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. இங்கே எல்லாரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

டேய், செம்பவாங் பாட்டியின் தாலாட்டுகள் கிடைத்துவிட்டன!

வீட்டுப் பாம் ஷெல்டரில் (பதுங்கறையில்) கிடந்த பழைய சாமான்களை ஒழித்தபோது ஒரு மைலோ டின் அகப்பட்டது. உள்ளே ஏழு ஃபிளாப்பிகள், அந்தக் காலத்துக் கணினி டிஸ்க்குகள். ஆறு நம் தமிழ் டைப்பிங் மென்பொருள். ஏழாவதில் உன் கோழிக் கிறுக்கலில் 'பாட்டி, 41 பாட்டு'. கை நடுங்கிவிட்டது எனக்கு. தாளில் எழுதியதை வீடு மாறியபோதே தொலைத்துவிட்டோம், பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது இந்த ஒரு டிஸ்க்தான்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு அங்கிள் உள்ளேயிருந்து யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை எடுத்துத் தந்தார், முப்பது வெள்ளி. ஏழாவது டிஸ்க் அழகாகப் படித்தது. திறந்தால் ஒரே கிறுக்கெழுத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவாத காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணில் வைத்திருந்ததே, அதன் வினை. 1997 மே மாதம் நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டில், தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியும் மற்றவர்களும் இதைத்தானே மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். இரண்டே வருடத்தில் கோவிந்தசாமி காலமாகிவிட்டார். அந்த மனிதரின் கவலை எவ்வளவு நியாயமானது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

சரி, அந்த மென்பொருளையே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்றைய 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் நிரல்களை ஏற்காது, செட்டப்பை அழுத்தியதும் மறுத்துவிட்டது. பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலைப் போட்டு, அதற்குள் விண்டோஸ் 3.1 ஏற்றி, அதற்குள் நம் மென்பொருளை ஏற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு ஃபிளாப்பியையும் முதலில் இமேஜாக, அதாவது முழு நகலாக ஒரே கோப்பில், எடுத்துக்கொண்டால் கண்ட்ரோலும் எஃப் 4-உம் அழுத்தி டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று, இரண்டு, நன்றாகப் போயிற்று. மூன்றாவதை டிரைவில் போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம். உடனே வெளியே எடுத்துத் தகட்டை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரம் தெரியுமே. பாட்டைப் படிக்கத் தேவையான எழுத்துருவும் அதில்தான் இருக்கிறது, சுருக்கி வைத்த கோப்பாக.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து அந்தக் கிறுக்கெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பாட்டும் ஒரே ஆறு குறிகளில் தொடங்கின. கடைசி இரண்டும் இரண்டாவது, மூன்றாவது குறிகளே. 'ஆராரோ'! ஆ, ர, கால், இரட்டைக்கொம்பு, மறுபடி ர, மறுபடி கால். நான்கு எழுத்து பிடிபட்டுவிட்டது மணி. பாட்டி குரல் அப்படியே காதில் கேட்டது.

இப்படி ஒவ்வொன்றாகப் பிடிக்க மாதக்கணக்காகும். உன்னிடம் அந்த மென்பொருள் டிஸ்க்குகள் இன்னொரு செட் இருந்ததே, மலேசியாவுக்கு, ஈப்போவுக்குக் கொண்டு போனாயே. தேடு. கிடைத்தால் நீயே எந்த டிரைவிலும் போட்டுப் பார்த்துவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். பூஞ்சை இருந்தால் டிரைவின் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கெடுத்துவிடும். மூலையிலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வை, அப்போதுதான் தவறியும் எதுவும் அழியாது. அடுத்த மாதம் உன் தங்கை வருகிறாள் அல்லவா, அவளிடம் கொடுத்தனுப்பு.

இன்னொன்று. பாட்டி அழுதுகொண்டே பாடியதே, மாமன் கப்பலேறி வந்த பாட்டு, அதில் ஓர் அடியாவது ஞாபகம் இருந்தால் உடனே எழுது. டிஸ்க் வரும்வரை அந்த அடியை வைத்து இன்னும் சில எழுத்துகளைப் பிடித்துவிடுவேன்.

அன்புடன்,
சேகர்